உடம்பு அடிக்கும் அலாரம்: நாகப்பட்டினத்து ஆய்வும் வாச்சாத்தியும்

மனசு சரியில்லை என்று யாராவது சொன்னால், "உன் நர்வஸ் சிஸ்டம் ரெகுலேட் ஆகலை" என்று பதில் வரும் காலம் இது. ரீல்ஸ், பாட்காஸ்ட், கம்பெனி எச்.ஆர். அனுப்பும் வெல்னஸ் மெயில் எல்லாவற்றிலும் இதே பேச்சு. வேகஸ் நரம்பை எழுப்ப ஐந்து வழி, உடம்பில் உறைந்த அதிர்ச்சியை உதறித் தள்ள மூன்று பயிற்சி என்று போகிறது. இந்தச் சத்தத்தைத் தள்ளிவைத்துவிட்டு, இதற்குப் பின்னால் இருக்கிற சிகிச்சை முறையை மட்டும் இந்தக் குறிப்பில் எடுத்துக்கொள்கிறேன். நான் மருத்துவன் இல்லை, உளவியலாளனும் இல்லை. ஆய்வுக் கட்டுரைகளைப் பொறுமையாகப் படிக்கிற ஒரு சாஃப்ட்வேர்காரன், அவ்வளவுதான். ஆனால் இந்த முறைக்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஆய்வுகளில் ஒன்று நம்ம தமிழ்நாட்டுக் கடற்கரையில் நடந்தது. அதைத் தமிழில் ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிடலாம். இன்னொரு காரணம், நான் இதை எழுதுகிற ஊர். ஒகேனக்கல் தர்மபுரி மாவட்டத்தின் மேற்கு ஓரம். அதே மாவட்டத்தின் கிழக்குப் பக்கம் வாச்சாத்தி. இந்த சிகிச்சை முறை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பது எனக்கு வாச்சாத்தியை வைத்து யோசித்தபோதுதான் பிடிபட்டது.

முதலில் முறை என்ன சொல்கிறது என்று பார்ப்போம். விபத்து, வன்முறை, பேரிடர் போன்றவற்றில் சிக்கியவருக்கு அந்த அனுபவம் நினைவில் மட்டும் தங்குவதில்லை. தப்பிக்கவோ எதிர்க்கவோ தயாரான உடம்பு அந்தத் தயார்நிலையிலேயே மாட்டிக்கொள்கிறது. ஆகவே நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பதைவிட, உடம்பில் இப்போது என்ன தெரிகிறது என்று கவனிக்க வைப்பது நல்லது. நெஞ்சில் இறுக்கமா, கையில் நடுக்கமா, பாதம் தரையில் பட்டிருப்பது தெரிகிறதா? கஷ்டமான உணர்வைக் கொஞ்சம் தொட்டுவிட்டு, உடம்பில் நிம்மதியாக இருக்கும் இடத்துக்குக் கவனத்தைக் கொண்டுவந்து, மறுபடி கொஞ்சம் தொடுவது. பீட்டர் லெவின் 'வேக்கிங் த டைகர்' என்ற 1997-ஆம் வருடத்துப் புத்தகத்தில் இதைப் பிரபலமாக்கினார். சோமாடிக் எக்ஸ்பீரியன்சிங் என்று பெயர். பெஸல் வான் டெர் கோக்கின் 'த பாடி கீப்ஸ் த ஸ்கோர்' 2014-ல் வந்து இதே கருத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

இதில் உண்மை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகமாகும், விடும்போது மெதுவாகும். இது வேகஸ் நரம்பின் வேலை. அதனால் விடுகிற மூச்சை நீட்டினால் உடம்பு அடங்குகிறது. 2001-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சுவாரசியமான கட்டுரை வந்தது. லத்தீன் ஜெபமாலை சொல்பவர்களையும் பௌத்த மந்திரம் சொல்பவர்களையும் அளந்து பார்த்தார்கள். இரண்டுமே மூச்சை நிமிடத்துக்கு சுமார் 6 என்ற அளவுக்குக் கொண்டுவந்தன. அந்த வேகத்தில் இதயத்தின் தாளமும் ரத்த அழுத்தத்தின் தாளமும் ஒத்துப்போகின்றன. முகத்தில் குளிர்ந்த தண்ணீர் பட்டாலும் இதயம் வேகம் குறையும். நீரில் மூழ்கும் பிராணிகளுக்கெல்லாம் உள்ள அனிச்சைச் செயல் நமக்கும் உண்டு. ஒகேனக்கல் மெயின் அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு வெளியே வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தால் ஏதோ நடந்திருப்பது தெரியும். ஆனால் அதில் வேகஸ் நரம்பின் பங்கு எவ்வளவு, அதற்கு முன்னால் தேய்த்த எண்ணெய் மசாஜின் பங்கு எவ்வளவு, லீவு போட்டுவிட்டுக் குடும்பத்தோடு வந்த சந்தோஷத்தின் பங்கு எவ்வளவு? இந்தக் கேள்வியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நாகப்பட்டினத்தில் திரும்ப வேண்டியிருக்கும்.

மூச்சு வேலை செய்கிறது என்பது வேறு, ஏன் வேலை செய்கிறது என்று சொல்லப்படும் கதை வேறு. கதையின் பெயர் பாலிவேகல் தியரி. ஸ்டீபன் போர்ஜஸ் 1995-ல் வெளியிட்டது. வேகஸில் இரண்டு அடுக்கு உண்டாம். ஊர்வன காலத்துப் பழைய அடுக்கு நம்மை உறைய வைக்கிறது. பாலூட்டிகளுக்கு மட்டும் வந்த புதிய அடுக்கு, மயலின் உறை போர்த்தியது, நம்மை மற்றவர்களோடு பழக வைக்கிறது. கேட்க அழகாக இருக்கிறது. ட்ராமா தெரபி பயிற்சி வகுப்புகளில் இது பாடப்புத்தக உண்மை மாதிரி சொல்லித்தரப்படுகிறது. ஆனால் உடலியல்காரர்கள் இதை ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியாது. பால் கிராஸ்மனும் எட்வின் டெய்லரும் 2007-லேயே கேள்வி எழுப்பினார்கள். 2023-ல் கிராஸ்மன் இந்தக் கோட்பாட்டின் ஐந்து அடிப்படைகளையும் எடுத்து ஒவ்வொன்றாக மறுத்தார். பாலூட்டிகளுக்கே உரியது என்று சொல்லப்பட்ட ஏற்பாடு நுரையீரல் மீனிலேயே இருக்கிறது என்று 2018-ல் ஒரு ஆய்வு காட்டியது. போர்ஜஸ் பதில் எழுதியிருக்கிறார், விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் விவாதத்தை முடிந்துபோன அறிவியலாக விற்பதுதான் என் புகார். நீண்ட மூச்சு விட இந்தக் கோட்பாடு தேவையே இல்லை. ஜெபமாலை சொன்ன பாட்டிகள் யாரும் போர்ஜஸைப் படித்தவர்கள் இல்லை.

லெவினின் இன்னொரு வாதம் இந்தப் பக்கத்துக் காட்டுக்கே தொடர்புடையது. காட்டு விலங்குகள் தினமும் சாவின் விளிம்பில் வாழ்ந்தாலும் அவற்றுக்கு அதிர்ச்சி நோய் வருவதில்லை, ஆபத்து போனதும் உடம்பை உதறிவிட்டு மேயப் போய்விடுகின்றன, மனிதன்தான் மூளையைப் போட்டு அந்த உதறலைத் தடுத்துவிடுகிறான் என்பது அவர் கணக்கு. சிறுத்தையிடமிருந்து தப்பிய மானை வைத்து இதைச் சொல்லலாம். யானையை வைத்துச் சொல்ல முடியாது. 2005-ல் நேச்சர் இதழில் கே பிராட்ஷாவும் மற்றவர்களும் எழுதிய கட்டுரை, வேட்டையிலும் கூட்டக் கொலையிலும் மூத்த யானைகளை இழந்து வளர்ந்த யானைகளிடம் அதிர்ச்சி நோயை ஒத்த நடத்தை தலைமுறை தாண்டியும் தெரிகிறது என்றது. ஒகேனக்கலைச் சுற்றியுள்ள காடு 2014-ல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்தின் பக்கம். தந்தத்துக்காக யானைகள் வரிசையாகக் கொல்லப்பட்ட நிலம் இது. இந்த யானைகள் எல்லாவற்றையும் உதறிவிட்டன என்று யாராவது சொன்னால், இங்கே ராகிக் கொல்லைக்குக் காவல் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள்.

இனி நாகப்பட்டினம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டிலேயே அதிகம் செத்தது அந்த மாவட்டத்தில்தான், 6,000 பேருக்கும் மேல். அதன்பின் தமிழ்நாட்டுக் கடலோரக் கிராமங்களுக்கு வந்த வெளிநாட்டு உளவியல் குழுக்களில் சோமாடிக் எக்ஸ்பீரியன்சிங் பயிற்சி பெற்றவர்களும் இருந்தார்கள். அமெரிக்காவில் பணியாற்றும் உளவியலாளர் ராஜா செல்வம் அதில் முக்கியமானவர். 2008-ல் ட்ராமட்டாலஜி என்ற இதழில் பார்க்கர், டாக்டர், செல்வம் என்ற மூவர் பெயரில் கட்டுரை வந்தது. (டாக்டர் என்பது இங்கே ஒருவருடைய குடும்பப் பெயர். நான் முதலில் படிக்கும்போது பட்டம் இடம் மாறி அச்சாகிவிட்டது போல என்று நினைத்தேன்.) 13 கிராமங்களைச் சேர்ந்த 150 பேர். ஆளுக்கு 75 நிமிட அமர்வு. உடனே, 4 வாரத்தில், 8 மாதத்தில் என்று மூன்று முறை விசாரித்தார்கள். 8 மாத முடிவில் 90 சதவீதம் பேர், அந்த நாள் நினைவு வந்து தாக்குவது, எந்நேரமும் பதற்றம், கடலைத் தவிர்ப்பது போன்ற தொந்தரவுகள் நன்றாகக் குறைந்துவிட்டன அல்லது இல்லவே இல்லை என்று சொன்னார்கள்.

90 சதவீதம்! ஒரே ஒரு அமர்வில்! இந்த எண் அதற்குப் பிறகு பல பயிற்சிப் பிரசுரங்களில் பயணம் செய்தது. கட்டுரையே நேர்மையாக ஒப்புக்கொள்கிற ஒரு விஷயம் மட்டும் அவ்வளவு தூரம் பயணம் செய்யவில்லை: இதில் ஒப்பீட்டுக் குழு கிடையாது. அமர்வு கிடைக்காத 150 பேர் அதே 8 மாதத்தில் எப்படி இருந்தார்கள் என்று பார்க்காமல், 90-க்கு அர்த்தம் சொல்ல முடியாது. பேரிடருக்குப் பின் ரொம்பப் பேர் சிகிச்சை இல்லாமலே காலப்போக்கில் தேறுகிறார்கள் என்பது இந்தத் துறையில் அடிப்படைப் பாடம். அதோடு அந்த மாதங்களில் கடலோரம் சும்மா இருக்கவில்லை. படகு வந்தது, வலை வந்தது, தற்காலிகக் கொட்டகை போய் வீடு எழும்பியது, ஆண்கள் கடலுக்குத் திரும்பினார்கள், ஊர்ப் பஞ்சாயத்து கூடியது, திதி கொடுத்தார்கள். அருவியில் குளித்தவரிடம் கேட்ட கேள்விதான் இங்கேயும். எது வேலை செய்தது?

கூடவே இன்னொன்று. தூரத்திலிருந்து வந்து ஒன்றேகால் மணி நேரம் கூடவே உட்கார்ந்து, மரியாதையாகக் கேட்டு, அக்கறையாக நடந்துகொண்ட ஒருவரின் குழு திரும்ப வந்து "இப்போ எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், நம்ம ஊரில் யார் "ஒண்ணும் சரியாகலை" என்று முகத்துக்கு நேரே சொல்வார்? "பரவாயில்லைங்க, நல்லா இருக்கேன்" என்பது ஒரு மரியாதைச் சொல். அளவீட்டில் அது குணமாகப் பதிவாகும்.

நான் அதிகமாகச் சந்தேகப்படுகிறேன் என்று தோன்றினால், ஒற்றை அமர்வு சிகிச்சைக்கு ஏற்கெனவே ஒரு வரலாறு உண்டு. விபத்து நடந்த சில நாட்களுக்குள் எல்லாரையும் உட்கார வைத்து நடந்ததைக் கொட்டச் சொல்லும் டீப்ரீஃபிங் என்ற முறை எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கொடிகட்டிப் பறந்தது. பங்கேற்றவர்கள் உதவியாக இருந்தது என்றுதான் பெரும்பாலும் சொன்னார்கள். 1997-ல் பிரிட்டனில் தீக்காயம் பட்டவர்களிடம் ஒப்பீட்டுக் குழுவோடு சோதித்தார்கள். 13 மாதம் கழித்து, டீப்ரீஃபிங் பெற்றவர்களில் 26 சதவீதம் பேருக்கு அதிர்ச்சி நோய். பெறாதவர்களில் 9 சதவீதம்தான். (முதல் குழுவில் காயம் கூடுதலாக இருந்தவர்கள் அதிகம் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.) பல ஆய்வுகளைத் தொகுத்த 2002-ஆம் வருடத்து காக்ரன் மதிப்பாய்வு, இதைக் கட்டாயமாகச் செய்வதை நிறுத்துங்கள் என்றது. "உதவியாக இருந்தது" என்ற வாக்குமூலம் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

உடம்பு வழி சிகிச்சைக்குப் பிற்பாடு நல்ல ஆய்வுகளும் வந்தன. 2017-ல் இஸ்ரேலில் 63 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு 15 வாரம் சோமாடிக் எக்ஸ்பீரியன்சிங் கொடுத்தார்கள், மறுபாதி காத்திருந்தது. சிகிச்சை பெற்றவர்கள் தெளிவாக முன்னேறினார்கள். சும்மா காத்திருப்பதோடு ஒப்பிட்டால் எதுவுமே நன்றாகத்தான் தெரியும் என்று ஒரு முணுமுணுப்பு எனக்கு உண்டு, இருந்தாலும் மதிக்க வேண்டிய முடிவு. கவனியுங்கள்: 75 நிமிடம் ஒருமுறை இங்கே, வாரா வாரம் 15 தடவை அங்கே.

இன்னொரு விஷயம் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. இந்த முறையின் விளம்பரங்களில், மனிதர்கள் தலைக்குள்ளேயே வாழ்கிறார்கள், உடம்பை மறந்துவிட்டார்கள், அவர்களுக்கு உடம்பைக் கவனிக்கக் கற்றுத்தர வேண்டும் என்று வரும். எந்த ஊர் மனிதர்கள்? தமிழில் பயம் வந்தால் குலை நடுங்குகிறது, வயிற்றில் புளி கரைக்கிறது, கை கால் ஓடுவதில்லை. துக்கம் நெஞ்சை அடைக்கிறது. பொறாமை வயிற்றெரிச்சல். அரசு ஆஸ்பத்திரி வெளிநோயாளிப் பிரிவில் "மனசு சரியில்லை" என்று வருபவர் எத்தனை பேர், "உடம்பெல்லாம் வலி, படபடன்னு வருது, மூச்சு முட்டுது" என்று வருபவர் எத்தனை பேர்? யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் வேலை செய்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் தன் நோயாளிகளிடம் உடல் வழிப் புகார்கள் எவ்வளவு அதிகம் என்று விரிவாக எழுதியிருக்கிறார். பெருமூச்சு என்பதையே ஒரு நோய்க்குறியாகக் கொண்டுவந்தவர்களைப் பார்த்தவர் அவர். நம்ம ஆட்கள் உடம்பைக் கவனிக்காதவர்கள் இல்லை. கவனித்துச் சொல்கிறார்கள்; எதிரே இருப்பவர் ஒரு வைட்டமின் மாத்திரையை எழுதிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிறார்.

இதில் ஆபத்தும் இருக்கிறது. பதற்ற நோயில், நெஞ்சு கொஞ்சம் படபடத்ததும் "ஐயோ, ஹார்ட் அட்டாக்" என்று அர்த்தம் பண்ணுவதுதான் நோயை வளர்க்கிறது என்று டேவிட் கிளார்க் 1986-லேயே காட்டினார். ஏற்கெனவே உடம்பையே பார்த்துக்கொண்டிருக்கிறவரை இன்னும் உற்றுப் பார்க்கச் சொன்னால் என்ன ஆகும் என்பது ஆளைப் பொறுத்தது. சித்திரவதையில் அடிபட்ட இடத்திலேயே கவனத்தை வைக்கச் சொல்வது இன்னும் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை. சோமசுந்தரம் யாழ்ப்பாணத்தில் செய்தது எளிமையானது. மூச்சுப் பயிற்சி, சாந்தி ஆசனம், அவரவர் மதத்துக்கு ஏற்ற ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது. இந்துவுக்கு ஓம், முஸ்லிமுக்கு சுபஹானல்லாஹ், கத்தோலிக்கருக்கு இயேசுவின் ஜெபம். புதுப் பெயர் எதுவும் இல்லை, சர்டிஃபிகேட் கோர்ஸும் இல்லை.

இப்போது வாச்சாத்தி. அரூர் பக்கம், சித்தேரி மலை அடிவாரத்தில் இருக்கும் மலைவாழ் மக்களின் ஊர். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் 269 பேர் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அடிக்கப்பட்டார்கள், வீடுகள் நொறுக்கப்பட்டன, கிணற்றைக் கெடுத்தார்கள், ஆடு மாடு போனது, பெண்கள் சேலம் சிறைக்குப் போனார்கள். மார்க்சிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் எடுத்த வழக்கு 1995-ல் சி.பி.ஐ.க்குப் போனது. 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம், உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது. 54 பேர் விசாரணைக் காலத்திலேயே செத்துப்போயிருந்தார்கள். மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29, சரியாக 12 வருடம் கழித்து. மொத்தம் 31 வருடம்.

அந்த 31 வருடத்தில் காக்கிச் சட்டையைப் பார்த்ததும் உடம்பு விறைக்கும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். போர்ஜஸ் இதற்கு நியூரோசெப்ஷன் என்று ஒரு சொல் வைத்திருக்கிறார். நாம் யோசிக்கும் முன்பே நரம்பு மண்டலம் ஆபத்தா, பத்திரமா என்று எடைபோடுகிறது; அதிர்ச்சிக்கு ஆளானவருக்கு அந்த எடை தப்பாகிவிடுகிறது, பத்திரமான இடத்திலும் ஆபத்து என்று காட்டுகிறது. சிகிச்சை அந்தத் தராசைச் சரிசெய்கிறது. நாகப்பட்டினத்தில் இது ஓரளவு பொருந்தும். அலை வந்தது, போனது. அதே மாதிரி நாளைக்கே வரப்போவதில்லை. கடலைப் பார்த்து நடுங்கும் உடம்பிடம் "அது முடிஞ்சது" என்று சொல்ல நியாயம் இருக்கிறது. வாச்சாத்தியில் எது முடிந்தது? அதே துறை, அதே காடு, அதே சீருடை. விறகுக்குப் போகும் வழியில் அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தப் பெண்ணின் தராசு தப்பாகக் காட்டியது என்று எதை வைத்துச் சொல்வது?

ஒகேனக்கலில் இதற்கு ஒரு நடைமுறை உண்டு. பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் காவிரி நீர்வரத்தை அளக்கிறது. கர்நாடகா அணைகளில் திறந்து விட்டு, கன அடி ஏறினால் இங்கே பரிசலுக்கும் குளிக்கவும் தடை. சீசன் நேரத்தில் தடை வந்தால் பரிசல் ஓட்டுகிறவருக்கும் மசாஜ் செய்கிறவருக்கும் மீன் வறுக்கிற அக்காவுக்கும் அன்றைய வருமானம் போச்சு. எரிச்சல் இருக்கும், திட்டுவார்கள். ஆனால் யாரும் அளவுகோலை மாற்றி வைக்கச் சொல்வதில்லை. ஆறு இறங்கியதா என்றுதான் கேட்கிறார்கள். என் வேலையிலும் இதுதான் விதி. சர்வர் அலர்ட் ராத்திரி முழுக்க அடித்தால், ம்யூட் பண்ணுவதற்கு முன் சர்வரைப் பார்க்க வேண்டும்.

நல்ல தெரபிஸ்டுகள் இதற்குப் பதில் வைத்திருப்பார்கள். ஜூடித் ஹெர்மன் 'ட்ராமா அண்ட் ரிகவரி' புத்தகத்தில் சிகிச்சையின் முதல் கட்டமே பாதுகாப்பு என்று எழுதினார். அதுவும் 1992-ல் வந்த புத்தகம்தான். அவர் பாதுகாப்பு என்றபோது வீடு, காசு, அடிக்கிற ஆளிடமிருந்து விலகல் எல்லாம் அதில் அடக்கம். அரசியல் இயக்கம் இல்லாமல் அதிர்ச்சி பற்றிய ஆய்வே நிற்காது என்றும் வாதிட்டவர் அவர். நரம்பு மண்டலப் பேச்சு பெருகப் பெருக நடந்தது என்னவென்றால், பாதுகாப்பு என்ற சொல் பாதுகாப்பு உணர்வு என்று சுருங்கிவிட்டது. முன்னதைக் கொடுக்க கோர்ட், போலீஸ், கலெக்டர் ஆபீஸ் எல்லாம் வேண்டும். பின்னதை ஒரு அறைக்குள், ஒரு மணி நேரத்தில், கட்டணம் வாங்கிக்கொண்டு கொடுத்துவிடலாம். எது பரவும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த மேற்குப் பக்கக் காடுகளுக்கும் இதே கணக்கு உண்டு. வீரப்பன் தேடுதலில் இரு மாநில அதிரடிப்படையால் சித்திரவதைக்கு ஆளானவர்கள் நீதிபதி சதாசிவா குழுவிடம் சாட்சி சொன்னார்கள். மின்சார ஷாக் பற்றிய சாட்சியங்கள் அதில் உண்டு. 2007-ல் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு என்றது. குற்றம் செய்தவர்கள் என்று யாரும் வாச்சாத்தி மாதிரி வரிசையாகத் தண்டிக்கப்படவில்லை. அவர்களிடம் போய் "இப்போது நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்கள், மூச்சை விடுங்கள்" என்றால், அந்த வாக்கியத்தின் முதல் பாதிக்கு யார் உத்தரவாதம்?

2023 தீர்ப்பை இந்தக் கண்ணோடு படித்தால் சில விஷயங்கள் வேறு மாதிரி தெரிகின்றன. தீர்ப்பு எழுதும் முன் மார்ச் மாதத்தில் நீதிபதி வேல்முருகன் வாச்சாத்திக்கு நேரில் போனார். 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம், அதில் பாதியைத் தண்டனை பெற்றவர்களிடமிருந்தே வசூலிக்க வேண்டும். அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீது நடவடிக்கை. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு வேலை அல்லது தொழில் வாய்ப்பு. இதில் நரம்பு மண்டலம் என்ற சொல்லே இல்லை. ஆனால் ஆற்றின் மட்டத்தை இறக்குகிற வேலை இது.

அப்படியானால் உடம்பு வழி சிகிச்சைக்கு இங்கே இடமே இல்லையா? இருக்கிறது, நான் பார்க்கும் இடம் சாட்சிக்கூண்டு. இத்தனை வருடம் கழித்து, எதிர்த்தரப்பு வக்கீல் நடந்ததை ஒவ்வொன்றாகக் கிளறும்போது, குற்றவாளிகள் அதே ஹாலில் உட்கார்ந்திருக்கும்போது, மூச்சு முட்டி வாய் அடைத்துப்போனால் வழக்கே போய்விடும். அங்கே பாதம் தரையில் பட்டிருப்பதைக் கவனிப்பதும், விடுகிற மூச்சை நீட்டுவதும் நிஜமான உதவி. எளிதில் பாதிக்கப்படக்கூடிய சாட்சிகளுக்கென்று தனி சாட்சிய மையங்கள் அமைக்க உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில் எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் வழிகாட்டியது. அந்த மையங்களில் சாட்சி சொல்வதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் இதைச் சொல்லித்தந்து பார்க்கலாம். சில மையங்களில் இது, சில மையங்களில் வழக்கமான ஆறுதல் பேச்சு மட்டும். எத்தனை பேர் சாட்சியத்தைப் பாதியில் நிறுத்தாமல் முடித்தார்கள் என்று எண்ணினால் போதும். இந்தத் தடவை ஒப்பீட்டுக் குழுவோடு.